அன்னமும் அபாவமும்



வைத்தியர் எழுதித் தரும் மருந்துச் சீட்டின் கடைசி வரியைப் பலரும் கவனித்திருப்பீர்கள். காய்ச்சலுக்கோ இருமலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ உரிய மருந்துகளையெல்லாம் எழுதி முடித்தபின், 'இதையும் தினம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்' என்று அவர் சேர்க்கும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையை, ஏன் என்று கேளாமலே வாங்கி விழுங்குகிறோம். மறுநாட் காலையில் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாய் இறங்குவதைக் கண்டு, காமாலையோ என்று திகைத்து அதே வைத்தியரிடம் ஓடுவோரும் உண்டு. அம்மஞ்சள் காமாலை அன்று. உடல் எடுத்துக்கொண்டது போக மிஞ்சி வெளியேறும் ரைபோஃப்ளேவின் என்னும் பி-2 ஆகும். விழுங்கியதிற் பெரும்பகுதி இவ்வாறு வீணே கழிந்துபோகும் ஒரு பொருள், கிடைக்காத காலத்தில் மனிதனை முடமாக்கவும் கொல்லவும் வல்ல இனத்தைச் சேர்ந்ததாய் இருப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

தயமின், ரைபோஃப்ளேவின், நியாசின், பாண்டோதெனிக் அமிலம், பிரிடாக்சின், பயோட்டின், ஃபோலிக் அமிலம், கோபாலமின் என எட்டுப் பொருள்கள் இன்று இவ்வினத்தில் எண்ணப்படுகின்றன. ரசாயன அமைப்பில் இவை ஒன்றுக்கொன்று உறவற்றவை. நீரிற் கரைவதும், தவிடு, ஈஸ்ட், ஈரல் முதலியவற்றில் பெரும்பாலும் சேர்ந்தே கிடைப்பதும், உடலுக்குள் நொதிகளுக்குத் துணைநின்று வேலை செய்வதுமே இவற்றை ஒரு குடும்பமாக்கின. ஒன்று முதல் பன்னிரண்டு வரை சென்ற இலக்க வரிசையில் நான்கும் எட்டும் பத்தும் பதினொன்றும் இன்று வழக்கில் இல்லாமைக்குக் காரணம், ஆரம்பத்தில் அவசரமாக எண்ணிட்ட சில பொருள்கள் பின்னர் வைட்டமின் அல்ல என்றோ, வேறு எண்ணில் முன்பே உள்ளவைதாம் என்றோ தெரிந்து கழிக்கப்பட்டதேயாகும். எட்டையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இன்ன உணவு, இன்ன நோய், இன்ன அளவு என்று ஒப்புவிக்கும் நோக்கம் எனக்கில்லை. பாடப்புத்தகம் அதைச் செம்மையாகவே செய்கிறது.

நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரத்தைப் பயின்றோர், வைசேஷிகர் உலகத்துப் பொருள்களையெல்லாம் பதார்த்தங்களாக வகுத்தபோது, ஏழாவது பதார்த்தமாக அபாவம் என்னும் இன்மையையும் சேர்த்தனர் என்பதை அறிவர். இல்லாத ஒன்றை உள்ளவற்றின் வரிசையில் வைப்பது வெறும் வாதச் சாமர்த்தியம் என்று தோன்றக்கூடும். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய வைத்தியம் இடறி நின்ற இடம் இதுவே. பாஸ்டரும் கோக்கும் நோய்க்கிருமிகளைக் கண்ணுக்கு நேரே காட்டிவிட்ட வெற்றிக் களிப்பில், நோய் என்று ஒன்று வந்தால் அதை விளைவிக்கும் ஏதோ ஒன்று உடலுக்குள் புகுந்திருக்கத்தான் வேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. ஒன்று புகாமையாலும் நோய் வரும் என்று நினைக்க அக்காலத்து மேதைகளுக்கே மனம் பழகியிருக்கவில்லை. பி வைட்டமின்களின் சரித்திரம், அந்தப் பழக்கமின்மையோடு மனிதர் பட்ட பாட்டின் சரித்திரம் என்றே நான் கருதுகிறேன்.

ஜாவாத் தீவில் டச்சுக்காரரின் சேனையை பெரிபெரி என்னும் நோய் அரித்துக்கொண்டிருந்தது. முதலில் பாதம் மரக்கும்; கெண்டைக்கால் தசை அமுக்கினால் வலிக்கும்; குந்தியிருந்து எழ முடியாமற் போகும்; சிலருக்கு உடல் முழுதும் நீர் கோத்து, இருதயம் விரிந்து, மூச்சுத் திணறி, சில நாட்களில் உயிர் போகும். இதன் கிருமியைக் கண்டுபிடிக்கும் பொருட்டு 1886-ல் பெகெல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இருவர் அனுப்பப்பட்டனர். அவர்கள் தாயகம் திரும்பியபின், ஆராய்ச்சியைத் தொடரும் பொறுப்பு கிறிஸ்தியான் ஐக்மான் என்னும் இளம் இராணுவ வைத்தியரைச் சேர்ந்தது. அவரும் கிருமியைத் தேடியே அத்தீவின் பட்டேவியா நகரில் கோழிகளை வளர்த்தார். ஒரு சமயம், நோயாளியின் இரத்தத்தை ஊசி வழியே ஏற்றிய கோழிகளும் ஏற்றாத கோழிகளுமாக எல்லாமே கால் தள்ளாடி விழத் தொடங்கின. சில மாதங்கள் சென்று, யாதொரு சிகிச்சையும் இன்றி, எல்லாமே எழுந்து நடமாடின. விசாரித்ததில் வெளிப்பட்ட செய்தி இது: கோழிகளைப் பராமரித்தவன், சிக்கனத்தை உத்தேசித்து, இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டுவந்தான்; புதிதாக வந்த சமையற்காரனோ, இராணுவத்துச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குக் கொடுப்பதற்கில்லை என்று கண்டிப்பாய் மறுத்துவிட்டான்; ஆகவே அவை தீட்டாத அரிசிக்குத் திரும்பின. அலுவலக விதிகளால் சாஸ்திரத்துக்கு நேர்ந்த நன்மைகள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

இத்தனையும் கண்ட ஐக்மான் என்ன முடிவு செய்தார் என்பதுதான் கவனிக்கத் தக்கது. வெள்ளரிசியின் மாவுப்பொருளில் ஏதோ ஒரு விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்றார். உண்மை அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தும், உள்ளதொன்றைத் தேடிய மனம் இல்லாததைக் காண மறுத்தது. சிறைச்சாலைகளின் வைத்திய மேற்பார்வையாளரான வோர்டெர்மான், ஜாவாவிலும் மதுராத் தீவிலும் 101 சிறைகளில், ஏறக்குறைய 2,80,000 கைதிகளின் உணவையும் நோயையும் கணக்கெடுத்து, தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பதினாயிரம் பேரில் ஒருவருக்கும், தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் முப்பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் பெரிபெரி கண்டதைக் காட்டினார். அப்பொழுதும் வாதம் ஓயவில்லை. ஐக்மானுக்குப் பின் அவர் இடத்துக்கு வந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-ல், நரம்புகளின் நலத்துக்கு இன்றியமையாத ஒரு பொருள் தவிட்டில் இருக்கிறது, வெள்ளரிசியில் அது இல்லை, இல்லாமையே நோய் என்று துணிந்து எழுதினார். 1929-ல் நோபெல் பரிசு ஐக்மானுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் வழங்கப்பட்டது. கிரைன்ஸின் பெயர் அதில் இல்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னரே, ஜப்பானியக் கடற்படையின் வைத்தியர் தக்காகி, 1882-ல் புறப்பட்ட ரியூஜோ என்னும் கப்பலில் 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் விழுந்து 25 பேர் இறந்ததைக் கண்டு, 1884-ல் அதே மார்க்கமாய் மற்றொரு கப்பலை, அரிசியைக் குறைத்து மாமிசமும் பாலும் சேர்த்த உணவோடு அனுப்பி, ஒருவரும் இறவாமல் திரும்பச் செய்தார். அவர் செய்தது சரி. சொன்ன காரணம் தவறு. நைட்ரஜன் போதாமையே நோய் என்பது அவர் கொள்கை. ஆயினும் 'போதாமை' என்று அவர் சொன்ன திசை, 'விஷம்' என்று மற்றவர் சொன்ன திசையைவிட உண்மைக்கு அருகில் இருந்தது.

தமிழர் இக்கதைக்குள் நுழைவது மலாயாவில். அதுவும் தாம் நுழைந்ததை அறியாமலே. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியால் கூட்டங் கூட்டமாய் மடிந்துகொண்டிருக்க, அதே வெயிலில், அவர்களினும் குறைந்த கூலிக்கு, ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் உழைத்த தமிழ்க் கூலிகளை அந்நோய் ஏறக்குறையத் தீண்டவே இல்லை. நெகிரி செம்பிலான் பகுதியில் சர்க்கார் வைத்தியராயிருந்த பிராடன் இதைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. ஆனால் பிராடனும் பழைய பள்ளத்திலேயே விழுந்தார்: பச்சரிசி தேங்கிக் கிடக்கையில் அதில் ஒரு விஷம் பிறக்கிறது என்றும், புழுக்குவதால் அவ்விஷம் தடுக்கப்படுகிறது என்றும் 1907-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்னும் வைத்தியர் நோயாளிகளை இரு பாதியாக்கி, ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசியும் மறு பாதிக்கு இந்தியப் புழுங்கலரிசியும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் அதனால் இறந்தவர் ஒருவருமில்லை. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அத்தகைய சோதனைக்கு அனுமதி தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புழுக்குதல் என்பது என்ன செய்கிறது? நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, அண்டாவிலோ ஆலையின் நீராவிக் கலத்திலோ அவித்து, உமி லேசாக வாய் பிளந்த பதத்தில் இறக்கிக் களத்தில் பரப்பி உலர்த்துகிறோம். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. உள்ளே நடப்பது வேறு. நெல்மணியில் தயமின் மணி முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை; தவிட்டுப் படலத்திலும், முளைக்கருவுக்கும் மணியின் மாவுக்கும் இடையிலுள்ள மெல்லிய தகட்டிலுமே அது செறிந்துள்ளது. ஊறும் நீரும் ஏறும் சூடும் அதைக் கரைத்து மணியின் நடுப்பகுதிக்குத் தள்ளுகின்றன. அதே சூட்டில் மாவுப்பொருள் வெந்து குழைந்து, பின் உலர்ந்து கண்ணாடி போன்ற கெட்டியாய் இறுகும்போது, உட்புகுந்த தயமின் அங்கேயே சிறைப்பட்டுவிடுகிறது. அப்புறம் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும், கழன்று போவது சத்தை முன்னமே உள்ளே விட்டுவிட்ட தவிடுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய உணவு அட்டவணை இதை எண்களில் சொல்கிறது: நூறு கிராம் ஆலைப் பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலைப் புழுங்கலரிசியில் அதே 0.21, கைக்குத்தல் புழுங்கலில் 0.27. அதாவது, உலக்கை பாதுகாத்துக் கொடுத்ததை ஆலைக்காலத்திலும் அண்டா பாதுகாத்துக் கொடுக்கிறது. நாளொன்றுக்கு நானூறு கிராம் அரிசியே பிரதான ஆகாரமாய் உண்ணும் உழைப்பாளிக்கு, ஆலைப் பச்சரிசியானால் கால் மில்லிகிராமுக்குக் குறைவாகவும், புழுங்கலானால் 0.84 மில்லிகிராமும் கிடைக்கும். அவனுக்கு வேண்டியதோ ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். பச்சரிசியைக் களைந்து களைந்து கழுநீரை மாட்டுக்கு ஊற்றி, கஞ்சியையும் வடித்துவிட்டால், அந்தக் கால் மில்லிகிராமிலும் நல்லதொரு பங்கு மாட்டுக்கே போய்ச் சேரும்.

குன்னூரில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய குறைநோய் ஆராய்ச்சியும், அதிலிருந்து வளர்ந்து பின்னர் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த போஷணை ஆராய்ச்சி நிலையமும், சென்னை மாகாணத்துக்குள்ளேயே இந்த வேற்றுமை தேசப்படம் வரைந்தாற்போல் கிடப்பதைக் கண்டன. ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் கடற்கரை ஜில்லாக்களில் பெரிபெரி இருந்தது; புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. நெல்லை அவித்த நம் முன்னோர் தயமினை அறிந்தே அவித்தனர் என்று பெருமை பேச நான் வரவில்லை. ஈர நெல் கெடாமலிருக்கவும், குத்தும்போது அரிசி நொறுங்காமலிருக்கவும், உமி எளிதிற் கழலவும் அவித்தனர். சத்து தானாக வந்து சேர்ந்தது.

இனி, தயமின் உடலுக்குள் செய்யும் தொழிலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆகாரத்தில் மாவும் கொழுப்பும் புரதமும் தச்சன் கையிலுள்ள மரம் என்றால், பி வைட்டமின்கள் அவன் உளி. எரிந்து சக்தியாவது உளி அன்று. ஆயினும் உளியின்றி மரம் மரமாகவே கிடக்கும். ஒரே உளி ஆயிரம் பலகைகளை இழைப்பதாலேயே மில்லிகிராம் கணக்கில் அது போதுமானதாகிறது. தேய்ந்தும் நீரில் கழிந்தும் போவதாலேயே நாள்தோறும் புதிதாக வேண்டியிருக்கிறது. உடலின் தயமின் கையிருப்பு மொத்தமே ஏறக்குறைய முப்பது மில்லிகிராம். வரவு நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

சோற்றின் மாவு குளுக்கோஸாகி, குளுக்கோஸ் மூன்று கார்பன் கொண்ட பைருவிக் அமிலமாக உடையும் வரை தயமினின் உதவி தேவையில்லை. அப்பைருவிக் அமிலத்திலிருந்து ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக நீக்கி, மீதி இரண்டையும் சக்தி விளையும் சுழற்சிக்குள் அனுப்பும் வாயிலில்தான், பாஸ்பேட் ஏற்ற தயமின் நிற்கிறது. அதன் மூலக்கூறில் நைட்ரஜனும் கந்தகமும் கொண்ட ஐந்தணு வளையம் ஒன்றுண்டு. அவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட கார்பன், தன் ஹைட்ரஜனை வியக்கத்தக்க எளிமையோடு விட்டுவிட்டு, அந்தக் காலி இடத்தால் பைருவிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிடியில் கரியமில வாயு கழன்றுபோகும். இதை 1950-களின் பிற்பகுதியில் ரானால்ட் பிரெஸ்லோ விளக்கினார். இதில் ஒரு வேடிக்கை. 1926-ல் பட்டேவியாவில் யான்சன், டோனாத் என்னும் இருவர் தவிட்டிலிருந்து முதன்முதலாகத் தூய படிகத்தைப் பிரித்தெடுத்தபோது, அவர்கள் எழுதிய அணுக்கணக்கில் கந்தகமே விடுபட்டுப்போயிற்று. வேலை செய்யும் கார்பனின் தோளோடு தோள் நின்ற அணு அது. இன்மையைப் பற்றிய இச்சரித்திரத்தில் அவ்வின்மையும் ஒரு பங்கு பெற்றது.

வாயில் அடைபட்டால் பைருவிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் இரத்தத்தில் தேங்கும். குளுக்கோஸையே பெரிதும் நம்பி வாழும் மூளையும், ஓய்வறியா இருதயமும் முதலில் தடுமாறும். 1930-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ், வெள்ளரிசி மட்டுமே தின்று தலை பின்னோக்கி வளைந்துபோன புறாக்களின் மூளைத் திசுவைக் கலத்தில் வைத்து, அது பிராணவாயுவைக் குறைவாகவே உட்கொள்வதையும், சிறிது தயமின் சேர்த்ததும் சுவாசம் மீள்வதையும் காட்டினார். பூதக்கண்ணாடியில் அத்திசுவின் அமைப்பு சிதையாமல் தோன்றும். பழுது ரசாயனத்தில் மட்டுமே. குடியால் மெலிந்து ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் கொடுக்க வேண்டும் என்று இளம் வைத்தியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதனாலேதான்: அடைபட்ட வாயிலை நோக்கி மேலும் கூட்டத்தை விரட்டினால், உள்ள கொஞ்ச நஞ்சமும் தீர்ந்து, நோயாளி ஒரே இரவில் நினைவு தடுமாறிக் கண் நிலைகுத்திப் போகக்கூடும்.

தயமினின் முழு அமைப்பையும் கண்டு 1936-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கப் பாதிரிமார் குடும்பத்தைச் சேர்ந்த அவர் பிறந்தது 1886-ல், நெல்லூரில். அவருடைய தம்பி ராஜர் வில்லியம்ஸ் 1893-ல், உதகமண்டலத்தில். மணிலாவில் வேலை பார்த்தபோது, பெரிபெரியால் குரலடைந்து மரணத் தறுவாயிலிருந்த கைக்குழந்தையின் வாயில் தவிட்டுச் சாற்றைச் சிறிது சிறிதாகப் புகட்டி, அது பிழைப்பதைக் கண்டவர் அண்ணன். அச்சாற்றின் மருமத்தை அறிய அவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின; அதிற் பெரும்பகுதி டெலிபோன் கம்பெனி ஒன்றின் ரசாயனத் தலைவராய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த சொந்த வேலை. தம்பியோ 1933-ல் பாண்டோதெனிக் அமிலத்தைக் கண்டார். பின்னர் தம் சகாக்களோடு நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து எடுத்த ஒரு பொருளுக்கு 1941-ல் ஃபோலிக் அமிலம் என்றும் பெயரிட்டார். அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்த உடன்பிறந்தார் இருவரின் கையில் இத்தனை பி வைட்டமின்கள் அகப்பட்டதை, நம் கல்லூரிகளில் பாடம் சொல்வோர் ஏன் குறிப்பிடுவதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

நியாசினின் கதையை மற்றொரு தானியம் சொல்கிறது. மக்காச்சோளமே கதியாய் வாழ்ந்த ஏழைகளின் தோலைக் கருக்கி, வயிற்றைக் கெடுத்து, புத்தியையும் பேதலிக்கச் செய்த பெல்லாக்ராவை 1735-லேயே ஸ்பெயினில் காஸல் கண்டெழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்னாட்டில் அது பெருகியபோது அங்கும் கிருமியையே தேடினர். ஆராயச் சென்ற கோல்ட்பெர்கர், விடுதிகளில் நோயாளிகளோடு பழகும் ஊழியர் ஒருவருக்கும் அது தொற்றாததைக் கண்டு, உணவே காரணம் என்றார். நம்பாதவர்களை நம்பவைக்க, நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டும், அவர்கள் தோற்பொருக்குகளை விழுங்கியும் காட்டினார். மனைவியும் அதில் பங்கேற்றார். ஒன்று 'இல்லை' என்று நிரூபிப்பதற்கு மனிதன் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது! இல்லாத அப்பொருள் நியாசின் என்பதை 1937-ல் எல்வெஹெம் காட்டினார். மக்காச்சோளத்தில் நியாசின் அடியோடு இல்லாமல் இல்லை. குடலால் பிரிக்க முடியாத கட்டில் இருக்கிறது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைக்கும் மெக்ஸிகோ நாட்டார் அக்கட்டை அவிழ்த்துவிடுவதால் நோயறியாதிருந்தனர். தானியத்தை மட்டும் வாங்கிச் சென்று, அதன் பக்குவத்தை விட்டுச் சென்ற நாடுகள் தவித்தன. தக்காணத்தில் நம் சோளம் உண்போரிடையிலும் பெல்லாக்ரா கண்டது. சேலத்திற் பிறந்த சி. கோபாலன், ஸ்ரீகாந்தையாவுடன் சேர்ந்து, சோளத்திலுள்ள மிகுதியான லூசின் என்னும் அமினோ அமிலமே டிரிப்டோஃபான் என்னும் மற்றோர் அமினோ அமிலத்திலிருந்து உடலில் நியாசின் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1960-ல் எழுதினார். அக்கொள்கையைப் பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. இதே கோபாலன்தான், நம் ஏழை மக்களை இராத்தூக்கமில்லாமல் வாட்டும் காலெரிச்சல் பாண்டோதெனிக் அமிலத்தால் தணிவதைப் பற்றி 1946-ல் எழுதியவர்.

பிரிடாக்சினைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடக்கிறேன். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையத்தில், ஐசோனியசிட் மருந்தை அதிக அளவில் உண்டோர் சிலருக்குக் கால் மரப்பும் எரிச்சலும் கண்டன. அம்மருந்து பிரிடாக்சினோடு சேர்ந்து அதைப் பயனற்றதாக்குகிறது. ஆகாரத்தில் குறையில்லாதிருந்தும் உடலில் இன்மை விளைகிறது. தினமும் சில மில்லிகிராம் பிரிடாக்சின் அதைத் தடுத்துவிடும் என்பதை அந்நிலையத்தின் ஆய்வுகள் காட்டின. காசநோய் மாத்திரையோடு சேர்ந்து வரும் அச்சிறு மாத்திரை அலங்காரத்துக்காக அன்று.

கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய 1928-ல் பம்பாய் வந்த லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் கண்ட பெருஞ்செல் சோகை, இரும்புக்குப் பணியாமல், மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சத்துக்குப் பணிவதைக் கண்டார். குன்னூரிலும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆராய்ச்சி தொடர்ந்தது. அவர் 'ஏதோ ஒன்று' என்று விட்ட பொருளே ஃபோலிக் அமிலம். அதைச் செயற்கையாகச் சமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் பெறாமலே வெளியேறி, அமெரிக்கா சென்றவர் அவர். ஸ்புரூ என்னும் வயிற்று நோய்க்குச் சகோதரர் இருவரைப் பறிகொடுத்து, தாமும் அதில் சாகப் பிழைத்தவர். அந்நோய்க்கு மருந்தான ஃபோலிக் அமிலம் 1945-ல் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது. அதே அமிலத்தின் உருவைச் சற்றே திரித்து அக்கூடம் தயாரித்த அமினோப்டெரின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை ஒடுக்குவதை 1948-ல் சிட்னி ஃபார்பர் காட்டினார். செல் பிளவுபட வேண்டுமானால் டி.என்.ஏ. புதிதாய் எழுத வேண்டும். அதற்குரிய ஓர் எழுத்தான தைமினைச் சமைக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். ஆகவே, இரத்தம் ஊறும் எலும்பு மச்சைக்கும், கருவறையில் தண்டுவடம் மூடும் முதல் மாதத்துச் சிசுவுக்கும் உயிரானது, கட்டுமீறிப் பெருகும் புற்றுக்கும் உயிராயிற்று. அங்கே இன்மையை நாமே வலிந்து உண்டாக்குவதுதான் சிகிச்சை.

தர்க்க சாஸ்திரத்தார் இன்மையிலும் வகை காண்பர். இருந்து அழிந்ததன் இன்மை பிரத்வம்சாபாவம். தீட்டிய அரிசியில் தயமினின் இன்மை அவ்வகை. எக்காலத்தும் இல்லாமை அத்யந்தாபாவம். தாவர உணவில் கோபாலமின் என்னும் பி-12 அவ்வகை. கீரையோ பருப்போ பழமோ, எந்தச் செடியும் அதைச் செய்வதில்லை. செடி என்ன, பசுவும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. பசு தன் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து பெற்று நமக்குப் பாலில் தருகிறது. கோபால்ட் என்னும் உலோகத்தை நடுவே தாங்கிய இச்சிவந்த படிகத்தை 1948-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒருங்கே பிரித்தனர்; அதன் சிக்கலான உருவத்தை டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர் கொண்டு கண்டார். உண்டால் மட்டும் போதாது, இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தின் கைப்பிடித்தே அது குடலைக் கடக்கும் என்பதை முன்னமே அறிந்தவர் வில்லியம் காஸில்: தாம் மாமிசம் உண்டு, சற்றுப் பொறுத்துத் தம் வயிற்றிலிருந்து அதைக் குழாய் வழியே வெளியெடுத்து, நோயாளிக்குக் குழாய் வழியே செலுத்திக் குணப்படுத்தினார். விருந்துக்கு முன் சொல்லத்தக்க செய்தி அன்று. ஆயினும் சாஸ்திரம் அவ்வழியாகத்தான் வந்தது.

பி-12 நாளொன்றுக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராம் அளவே. ஈரலிலோ சில ஆயிரம் மைக்ரோகிராம் கையிருப்பு. ஆகவே மாமிசத்தோடு பாலையும் விட்டவருக்குக் குறை தெரியவே ஆண்டுகள் செல்லும். தெரியும்போது அடிப்பாத மரப்பாகவோ, இருட்டில் தள்ளாட்டமாகவோ, முதுமையின் மறதியோ என்று ஏமாற்றும் மறதியாகவோ தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பி-12 இல்லாதபோது, ஃபோலிக் அமிலத்தின் உடலுருவாகிய ஃபோலேட், மீதைல் ஏற்ற ஓர் உருவில் முடங்கிக் கிடக்கும். அந்நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையக் கொடுத்தால், சோகை மறைந்து முகம் தெளியும், நரம்போ உள்ளே மேலும் அழிந்துகொண்டிருக்கும். பழைய சோற்றிலிருந்தே பி-12 வேண்டியமட்டும் கிடைத்துவிடும் என்று இக்காலத்தில் பரவிவரும் பேச்சை நம்பி, பாலும் மாமிசமும் தொடாதவர் மாத்திரையை விடுவது தகாது. பழைய சோறு வெயிற்காலத்துக்கு மிக நல்ல ஆகாரம். அதற்கு இல்லாத புகழை ஏற்றித்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை.

ராபர்ட் வில்லியம்ஸ், தயமினைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்ய வழி பிறந்த பின், பிலிப்பைன்ஸின் பாட்டான் மாகாணத்தில் 1948-ஐ ஒட்டி ஒரு பெரும் சோதனைக்குத் துணைநின்றார். தயமினும் நியாசினும் இரும்பும் பூசிய அரிசியை, இருநூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாதாரண வெள்ளரிசியோடு கலந்து விற்றதில், அங்கே பெரிபெரிச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ரைபோஃப்ளேவினைச் சேர்ப்பதில் மட்டும் சங்கடம் இருந்தது. அது மணியை மஞ்சளாக்கிவிடும், மஞ்சள் மணியைக் கண்ட இல்லத்தரசி முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிந்துவிடுவாள்.

அதே சங்கடம் இன்று நம் நியாயவிலைக் கடைகளில் வேறு உருவில் வந்திருக்கிறது. அரிசி மாவோடு இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி-12-உம் பிசைந்து மணியாய் வார்த்து, நூற்றுக்கு ஒன்றாகக் கலந்து தரும் செறிவூட்டிய அரிசியில், நிறத்தில் சற்று வேறுபட்டும் தண்ணீரில் மிதந்தும் காணும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பொறுக்கி எறிவோர் பலர். எறியப்படுவது, பால் வாங்கக் கையில்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்த பி-12. தயமின் அக்கலவையில் கட்டாயமன்று, விரும்பினால் சேர்க்கலாம் என்றே விதி. புழுங்கலரிசி பொங்கும் வீட்டில் அதனால் பெரிய குறைவில்லை. பச்சரிசியையே பலமுறை கழுவி, கஞ்சியை வடித்து உண்ணும் வீட்டில், நூறு கிராமுக்கு 0.42 மில்லிகிராம் தயமின் கொண்ட உளுத்தம்பருப்பும், 0.90 மில்லிகிராம் கொண்ட நிலக்கடலையும் வாரத்திற் சில நாளாவது இலைக்கு வர வேண்டும். பருப்பு சீக்கிரம் வேக வேண்டுமென்று அதில் சோடா உப்பைப் போடும் வழக்கத்தை விட வேண்டும், ஏனெனில் காரம் பட்ட சூட்டில் தயமின் நில்லாது.